பேராசிரியர் ஞானையாவின் கிழக்கு

மார்ட்டின்டேல் கல்லூரியில் கிழக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் அதிகாரம் 1959-ஆம் ஆண்டிலிருந்து நிலவியல் துறைத் தலைவர் பேராசிரியர் ஞானையாவிடம் இருந்தது. தாம்பரத்தின் மற்ற பகுதிகளில் அந்த வேலையைச் சூரியனே பார்த்துக்கொண்டது.

அதிகாரம் அவர் கைக்கு வந்த கதை இது. அந்த ஆண்டு துறைக்குப் பன்னிரண்டு காம்பஸ்கள் வந்து இறங்கின. பேராசிரியர் முதல் பெட்டியைத் திறந்தார். வடக்கு மேலே இருந்தது, தெற்கு கீழே இருந்தது. ஆனால் கிழக்கைக் குறிக்கும் எழுத்து இடப்பக்கத்திலும் மேற்கைக் குறிக்கும் எழுத்து வலப்பக்கத்திலும் இருந்தன. பன்னிரண்டிலும் அப்படியே. நிலவியல்காரர்கள் கையில் பிடிக்கிற காம்பஸ் உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கும். நாம் பெட்டியை வலப்புறம் திருப்பினால் உள்ளே முள் இடப்புறம் ஒதுங்கும்; முள் எந்த எழுத்தில் நிற்கிறதோ அதை அப்படியே படித்துக்கொள்ளலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பேராசிரியர் ஞானையா பதினெட்டு ஆண்டுகளாகப் பாறைகளைப் பற்றி வகுப்பறையில் பேசிவந்தவர். பாறை இருக்கும் இடத்துக்குப் போய்ப் பேச அவருக்கு அவகாசம் கிடைத்ததில்லை. ஆகவே அவர் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். கம்பெனி பணிவாக விளக்கம் எழுதியது. அந்தப் பதிலின் ஓரத்தில் அவர் சிவப்பு மசியால், 'அகம்பாவம். கோப்பில் வைக்கவும்' என்று எழுதினார். பிறகு ஆய்வுக்கூட அட்டெண்டர் சவுரிமுத்துவைக் கூப்பிட்டு, சன்னமான தூரிகையும் வெள்ளை எனாமலும் வாங்கி வரச் சொல்லி, பன்னிரண்டு காம்பஸ்களிலும் கிழக்கையும் மேற்கையும் இடம் மாற்றி எழுதவைத்தார்.

அன்றிலிருந்து அந்தத் துறையில் வடகிழக்கே ஓடும் எதுவும் வடமேற்கே ஓடியது. ஏழு ஆண்டுகள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேர்வு நடத்த வெளியிலிருந்து வருகிறவரும் துறையின் காம்பஸையே பயன்படுத்த வேண்டும் என்று விதி இருந்தது. படித்து முடித்த மாணவர்களில் பெரும்பாலோர் பாங்கிலும் ரயில்வே கணக்கு ஆபீஸிலும் சேர்ந்ததால் நாட்டின் கனிம வளத்துக்கும் பெரிய சேதம் இல்லை.

1966 ஜூனில் மெட்டில்டா அந்தத் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து சேர்ந்தாள். பெருங்களத்தூரில் வீடு. அப்பா இல்லை. அம்மா ரத்தினபாய் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். மெட்டில்டாவுக்கு இருபத்துநான்கு வயது. எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுகிற சுபாவம்.

அவளுக்குக் கொடுத்த பாடம் கட்டமைப்பு நிலவியல். ஒரு பாறை அடுக்கு தரையில் எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கமாக எவ்வளவு சாய்ந்து மண்ணுக்குள் போகிறது, இந்த இரண்டையும் அளப்பதுதான் அந்தப் பாடத்தின் அரிச்சுவடி. ஓடும் திசைக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், சாய்வுக்கு டிப். முதல் வாரமே அவள் அறிவிப்புப் பலகையில், 'செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு ஸ்ட்ரைக். இரண்டாம் ஆண்டு மாணவர் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும்' என்று எழுதிப் போட்டாள். முந்தைய ஆண்டுதான் மாணவர் கிளர்ச்சி முடிந்திருந்தது. செவ்வாய் மதியம் ஒன்றேமுக்காலுக்கு இரண்டு லாரி போலீஸ் வாசலில் வந்து நின்றது. முதல்வர் வேதசிரோமணி மேல்மாடியிலிருந்து கைக்குட்டை ஆட்டி வரவேற்றார். இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள் வந்து, பதினான்கு மாணவர்கள் ஒரு சாய்வுப் பலகையை அளந்துகொண்டிருப்பதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று பலகையைப் பறிமுதல் செய்துகொண்டு போனார்.

மறுநாள் முதல்வரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது. 'இக்கல்லூரி வளாகத்தில் பாறைகள் உட்பட எதுவும் ஸ்ட்ரைக் செய்ய அனுமதி இல்லை.'

மெட்டில்டா அதையும் நம்பினாள். பெண் ஆசிரியர்கள் மலை ஏறக் கூடாது என்று துறையின் விதியில் இருந்ததையும் நம்பினாள். காம்பஸ் விஷயத்தில்தான் அவளால் முடியவில்லை. ஒருநாள் வகுப்பில் ஜன்னல் வழியே தெரிந்த ரயில் பாதையை அளக்கச் சொன்னாள். பதினான்கு பேரும் ஒரே விடை எழுதினார்கள். வடமேற்கு.

"இந்த லைன் எங்கே போகுது?" என்று கேட்டாள்.

"எழும்பூருக்கு மேடம்."

"நீங்க எழுதினபடி போனா ஆவடிக்குத்தான் போகும். எழும்பூர் வடகிழக்கே இருக்கு."

காம்பஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். எனாமல் உதிர்ந்தது, அடியில் பழைய எழுத்து தெரிந்தது. அன்றைக்கே விஷயத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள்.

ஞானையா பேனாவை மூடி வைத்தார். "மிஸ் மெட்டில்டா, நீங்க துறையோட கருவியைச் சுரண்டினீங்களா?"

"சார், அடியில இருக்கிற எழுத்துதான் சார் சரி."

"சுரண்டினீங்களா, இல்லையா?"

"சுரண்டினேன் சார்."

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூன்று பேர். கணிதத் துறைத் தலைவர், ஆங்கில விரிவுரையாளர் ஒருவர், உடற்பயிற்சி ஆசிரியர். மூன்றாமவர், அடிக்கடி வெளியே போய்வருகிறவர் என்ற தகுதியில் சேர்க்கப்பட்டிருந்தார். பைபிள் வகுப்பு அறையில் விசாரணை நடந்தது.

"சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னு சொல்றீங்க?" என்று கணிதத் துறைத் தலைவர் கேட்டார்.

"கிழக்கே சார்."

"உங்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது?"

மெட்டில்டா யோசித்தாள். "எங்க அம்மா சார்."

"அவங்க எம்.எஸ்ஸியா?"

"இல்ல சார். தையல் டீச்சர்."

"எழுதிக்குங்க," என்றார் அவர் ஆங்கில விரிவுரையாளரிடம். "ஆதாரம், தையல் டீச்சர்."

பேராசிரியர் ஞானையாவும் சாட்சி சொன்னார். "ஒரு விஷயம் கமிட்டி கவனிக்கணும். நான் தப்புன்னே வச்சுக்குவோம். ஏழு வருஷமா நூத்திமுப்பது பேருக்கு டிகிரி வாங்கிக் கொடுத்திருக்கேன். இப்ப கிழக்கு அந்தப் பக்கம்னு ஒத்துக்கிட்டா அந்த நூத்திமுப்பது டிகிரி என்ன ஆகும்? ஒரு திசைக்காக இத்தனை குடும்பத்தை நடுத்தெருவில நிறுத்தலாமா? கிழக்கு பொறுத்துக்கும். குடும்பங்கள் பொறுத்துக்குமா?"

குழுவில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அறிக்கை நான்கு பக்கம். சூரியன் கிழக்கில் உதிப்பதைக் குழு மறுக்கவில்லை. ஆனால் சூரியன் வானவியலைச் சேர்ந்தது, வானவியல் இக்கல்லூரியில் கற்பிக்கப்படுவதில்லை. ஆகவே மெட்டில்டா மாணவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் வேலை நிரந்தரமாவது இரண்டு ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது.

இரண்டாம் ஆண்டு வகுப்பில், கரும்பலகைக்கு முன்னால் நின்று அவள் படித்தாள். 'இனித் திசைகள் குறித்துத் துறைத் தலைவரின் எழுத்து மூலமான அனுமதியின்றி எந்தக் கருத்தும் தெரிவிக்க மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்.' முன்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். மெட்டில்டாவுக்கு முகம் எரிந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அம்மா தாம்பரம் கல்லூரி அறிக்கையில் ஆதாரமாக இருக்கிறாள் என்பதை மட்டும் அவள் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பமாயின. கோயில் ஆராதனை முடிந்ததும் ரயிலேறிப் பல்லாவரத்தில் இறங்குவாள். ஊருக்குக் கிழக்கே உள்ள குன்றுகள்தான் அவள் இலக்கு. பெண் ஆசிரியர்கள் மலை ஏறக் கூடாது என்ற விதி வேலை நாட்களுக்கு என்று அவளாக ஒரு விளக்கம் கண்டுபிடித்திருந்தாள். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடைத்த காம்பஸ் ஒன்று கையில் இருந்தது, எழுத்து மாறாதது. துணைக்குச் சவுரிமுத்துவின் மனைவி செல்வமேரி வருவாள். அவள் அங்கே குவாரியில் கல் உடைக்கிறவள்.

"இன்னாத்துக்கும்மா இந்தப் பெட்டி?" என்பாள் செல்வமேரி. "கல்லுக்கு ரேகை கீது பாரு. இந்தப் பக்கம் தட்னா பொளக்கும். அந்தப் பக்கம் தட்னா சுத்திதான் ஒடையும். ரேகை அப்டியே மவுண்ட் பக்கமா ஓடுது."

காம்பஸும் பரங்கிமலைப் பக்கமே காட்டியது. வடகிழக்கு. மூன்று ஆண்டுகளில் மெட்டில்டா நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் அளந்தாள். பாறை எங்கே மடிந்திருக்கிறது, எங்கே வெடித்து ஒரு பாதி நழுவி ஃபால்ட் ஆகியிருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு பெரிய தாளில் வரைந்தாள். குன்றின் வடகோடியில் பாறை அடுக்கு பாய் சுருட்டியது போல மடிந்து நின்றது. அதை வரைந்த அன்று ரயிலில் தன்னை அறியாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். பி.எச்.டி.க்குப் பதிவு செய்ய அந்த வரைபடம் போதும். துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஞானையா வரைபடத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"நல்ல வேலை மிஸ் மெட்டில்டா. ரொம்ப நல்ல வேலை. ஆனா பாருங்க, நீங்க மலை ஏறக் கூடாது. ஏறாத மலைக்கு நீங்க எப்படி மேப் போட முடியும்? உங்க பேர்ல இதை வெளியிட்டா உங்களுக்குத்தான் பிரச்சினை. உங்க நன்மையை நினைச்சு என் பேர்லயே போட்டுக்கறேன்."

மெட்டில்டா மேசைமேல் கிடந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. எல்லா ரீடிங்கும் தப்பா இருக்கு. வடகிழக்குன்னு போட்டிருக்கீங்க. துறைத் தரப்படி வடமேற்கா மாத்தணும்."

"நானூத்திப் பன்னண்டு இடம் சார்."

ஞானையா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணொண்ணா எதுக்கு? ட்ரேஸிங் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலேருந்து வரைஞ்சா எல்லாம் ஒரே நேரத்தில சரியாயிடும். ஊர்ப் பேரை மட்டும் நேரா எழுதிடுங்க. நீங்களே செஞ்சுடுங்க, உங்க கையெழுத்து அழகு."

மெட்டில்டா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. மனிதர் நிஜமாகவே சொல்கிறார். மூன்று ஆண்டுகளாக அவள் நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் இடம்பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"செய்யறேன் சார்," என்றாள்.

இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையுடன் செய்தாள். ரயில் பாதை குன்றுகளுக்குக் கிழக்கே போனது. கோவிலம்பாக்கம் மேற்கே போய்ப் பம்மல் பக்கத்தில் உட்கார்ந்தது. பாறை மடிப்பு ரயில் நிலையத்துக்கு வடமேற்கே ஒன்றரை மைலில் வந்து நின்றது. பேராசிரியர் கே. ஞானையா என்று கீழே எழுதினாள். அந்தப் பெயருக்கு மட்டும் இரண்டு தடவை மை ஏற்றினாள்.

1971 ஜனவரியில் துறைக்கு முதுகலை வகுப்பு அனுமதிக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழு வருவதாக இருந்தது. குழுத் தலைவர் கஸ்தூரிரங்கன், இருபத்தைந்து வருஷம் மலைகளில் அலைந்த அரசு நிலவியலாளர். வரைபடத்தைக் காட்டி, மலையிலேயே அதை நிரூபித்து, அனுமதி வாங்கிவிடுவது என்று ஞானையா திட்டமிட்டார்.

மெட்டில்டாவுக்கு இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. திருப்பிப் போட்ட வரைபடத்தைத் திருப்பி எழுதிய காம்பஸோடு பார்த்தால் எல்லாம் பொருந்திப்போகும். இரண்டு பொய்யும் கைகோத்துக்கொண்டு பேராசிரியரைப் பத்திரமாக மடிப்புக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். குழுவினர் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே, அழைப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'தலைவர் அவர்கள் தமது சொந்தக் காம்பஸைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்கள் துறையின் காம்பஸ்கள் இத்துறையிலேயே திருத்தி மேம்படுத்தப்பட்டவை. ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல வாய்ப்பு.'

கையெழுத்துக்கு நீட்டினாள். ஞானையா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"இது நல்லா இருக்கே," என்றார். "எனக்கே தோணல." கையெழுத்துப் போட்டார்.

காலை எட்டு மணிக்குப் பல்லாவரம் ரயில் நிலைய வாசலில் எல்லோரும் கூடினார்கள். கஸ்தூரிரங்கன் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். குழுவில் இன்னும் இரண்டு பேர். முதல்வர் வேதசிரோமணி கம்பளி சூட்டில். வரைபடத்தைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டதால் மெட்டில்டாவுக்கு மலை ஏற எழுத்து மூலமாக அனுமதி வந்திருந்தது. சவுரிமுத்து காம்பஸ் பெட்டியோடு நின்றான்.

"மடிப்பு எங்கே இருக்குன்னு காட்டுங்க," என்றார் கஸ்தூரிரங்கன்.

"மேப்படி இங்கிருந்து வடமேற்கே ஒன்றரை மைல்," என்றார் ஞானையா. காம்பஸை எடுத்தார். முள் நிற்கும் வரை காத்திருந்து மலையைப் பார்த்துக் கை நீட்டினார்.

கஸ்தூரிரங்கன் தன் காம்பஸை எடுத்தார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடும் ஷாப்புகளைப் பார்த்துக் கை நீட்டினார். காலை வெயில் ஞானையாவின் கண்ணில் அடித்தது. கஸ்தூரிரங்கனுக்குக் காதோரம்தான் பட்டது.

"நீங்களும் வடமேற்குங்கறீங்க, நானும் வடமேற்குங்கறேன்," என்றார் கஸ்தூரிரங்கன். "எந்த வடமேற்குக்குப் போகலாம்?"

"எங்களுடையது திருத்தப்பட்டது சார்."

"அப்படியா. முதல்ல திருத்தாததுக்குப் போவோம். அப்புறம் உங்களுக்கு வருவோம்." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விறுவிறுவென்று தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார்.

மற்றவர்களும் போக வேண்டியிருந்தது. ஒன்றரை மைல். தோல் ஊறவைத்த தொட்டிகளுக்கு நடுவே, கழிவு வாய்க்காலைத் தாண்டித் தாண்டி. முதல்வரின் சூட்டில் ஊதா நிறத்தில் ஏதோ தெறித்தது. ஒரு ஷாப்பின் பின்கட்டில், காயப்போட்டிருந்த தோல்களுக்கு நடுவில் கஸ்தூரிரங்கன் நின்றார்.

"மேப்படி இதுதான் இடம். பேராசிரியரே, மடிப்பைக் காட்டுங்க."

ஞானையா சுற்றிலும் பார்த்தார். தோல்கள் காற்றில் ஆடின.

"சார், மடிப்பு மலையில இருக்கு."

"மேப்ல இங்கே இருக்கே."

"மேப் சரிதான் சார். எங்க காம்பஸ் வச்சுப் பார்த்தா மேப் சரியா இருக்கும். மேப் வச்சுப் பார்த்தா காம்பஸ் சரியா இருக்கும். துறைக்குள்ள எந்த முரண்பாடும் இல்ல. வெளியிலேருந்து ஒரு கருவியைக் கொண்டுவந்து பார்க்கறதாலதான் குழப்பம் வருது. எந்தக் கல்லூரியை வேணா இப்படி வெளியிலேருந்து பாருங்க சார், எதுவுமே பொருந்தாது."

குழுவில் ஒருவர் இதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். முதல்வர் மூக்கைப் பொத்திக்கொண்டே, "துறையில ஃபால்ட் எதுவும் இல்லைன்னு வேணும்னா சுற்றறிக்கையே கொடுக்கறேன்," என்றார்.

"இந்தக் காம்பஸ்ல யாரு கிழக்கை மாத்தினது?"

சவுரிமுத்து ஓரமாக நகர்ந்தான். "சார் சொன்னாரு, நான் பெயின்ட் அடிச்சேங்க. வேற எனக்கு இன்னா தெரியும்."

ஞானையாவின் நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. சட்டென்று மெட்டில்டாவின் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லணும்னா சார், இந்த மேப் நான் போட்டதில்ல. இவங்க போட்டது. மிஸ் மெட்டில்டா, சொல்லுங்க. மூணு வருஷம் மலையில அலைஞ்சது நீங்கதானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நானூற்றுப் பன்னிரண்டு இடங்களும், பாய் சுருட்டிய மடிப்பும் அவளுடையவை என்று குழுத் தலைவர் முன்னிலையில் பதிவாகிவிடும். கூடவே அந்தத் தப்பும் அவள் தலையில் ஏறும். பேராசிரியர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தப்பித்துவிடுவார். அவளுக்குக் கண் கலங்கியது. தோல் நாற்றம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

"இல்ல சார்," என்றாள். "பெண்கள் மலை ஏறக் கூடாதுன்னு துறையில விதி இருக்கு. மேப் சாருடையதுதான். கீழ பேர் இருக்கு பாருங்க. நான் தாளைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

கஸ்தூரிரங்கன் பெயரைப் படித்தார். அது மிகத் தெளிவாக இருந்தது.

"காம்பஸ்ல தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"திசைகளைப் பத்தி எழுத்து மூலமா அனுமதி இல்லாம நான் கருத்துச் சொல்லக் கூடாது சார். சார்கிட்ட கேளுங்க. அவர் அனுமதி கொடுத்தா சொல்றேன்."

"அனுமதி கொடுங்க," என்றார் கஸ்தூரிரங்கன்.

ஞானையா சட்டைப்பையைத் துழாவினார்; தாள் இல்லை. தோல் ஷாப்காரரிடம் ஒரு துண்டுத் தாள் வாங்கி, அதில் எழுதிக் கொடுத்தார். மெட்டில்டா அதைப் படித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "1966-லேயே தெரியும் சார்," என்றாள். பிறகு விசாரணைக் குழுவிலிருந்து தொடங்கி, ஒரு தேதிகூடத் தவறாமல், முதல்வர் உட்கார இடம் கேட்கும்வரை சொன்னாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அந்த மேப்பை வரைந்தது யார் என்பது.

குழுவின் அறிக்கை மார்ச்சில் வந்தது. முதுகலை வகுப்புக்கு அனுமதி இல்லை. நிலவியல் துறையில் கற்பிக்கும் ஒவ்வொருவரும், துறைத் தலைவர் உட்பட, காம்பஸ் பயன்படுத்தும் செய்முறைத் தேர்வில் தேறியாக வேண்டும். தேறாதவர் வகுப்பெடுக்கக் கூடாது. தேர்வாளராக, துறையில் காம்பஸ் பயன்படுத்தத் தெரிந்தவரை நியமிக்கலாம். துறையில் அப்படி ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

ஏப்ரல் வெயிலில், பல்லாவரம் குவாரியில் தேர்வு நடந்தது. ஞானையா வெள்ளை டிரில் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பாறை மேல் தவழ்ந்து ஐந்து இடங்களில் அளந்தார். கல் உடைக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் ராத்திரி பகலாகப் படித்துவிட்டு வந்திருந்தார் என்பது தெரிந்தது. மெட்டில்டா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டபோது, "மெதுவா சார்," என்றாள்.

விடைத்தாளைத் திருத்த அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். ஐந்து ஸ்ட்ரைக்கும் சரி. ஐந்து டிப்பும் சரி. கிழக்கு, கிழக்கில் இருந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். அவள் முப்பத்துநாலு போட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

விடைத்தாளை உறையில் போட வந்த சவுரிமுத்து அதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றான். அவனுக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது, எண் தெரியும்.

"இன்னாம்மா, எல்லாம் ரைட்டுன்னுதான் போட்டுக்கினு கீறே?"

"ஆமா."

"அப்பால? ஒரு மார்க்குதானே. போட்டுவுட்டா இன்னா?"

"போடலாம்," என்றாள் மெட்டில்டா. பேனாவை மூடினாள். "செப்டம்பர்ல மறுபடி எழுதட்டும்."